சொல்லிக்காமக் கிளம்பின தாரு

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் எனக்கு உசுரே இல்லை.

என் பொண்ணைக் காணோம்!

ஏழு வயசு. பேரு தாரிணி, எங்களுக்குத் தாரு. சென்னீர்குப்பத்துல அவ கிளாஸ்மேட் ஆயிஷாவுக்கு பர்த்டே பார்ட்டி. மூணாவது மாடி ஃபிளாட்ல அவளைக் கொண்டுபோய் விட்டுட்டுக் காய் வாங்கப் போனேன். திரும்பி வந்து பெல் அடிச்சா, ஆயிஷாவோட அம்மா ஷகிலா, "இப்பதானே இங்க இருந்தா..."ன்னு ரூம் ரூமாத் தேடுறாங்க. பெட்ரூம்ல இல்லை. பால்கனியில இல்லை. மொட்டை மாடி வரைக்கும் ஓடிப் பார்த்தாச்சு, அங்கேயும் இல்லை.

கேட்டைத் தாண்டினா பெங்களூரு ஹைவே. லாரிக்காரங்க யாருக்காகவும் பிரேக் போடாத ரோடு.

அந்த நேரத்துல சாமி பேர் வாயில வரும்னு சொல்லுவாங்க. எனக்கு வரலை. அப்பாவுக்கு போன் போட்டு, "தாருவைக் காணோம்! எல்லாம் உன்னாலதாம்ப்பா!"ன்னு கத்தினேன்.

குழந்தை காணாமப் போனதுக்கும் நசரத்பேட்டையில எங்க வீட்டுல உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருந்த மனுஷனுக்கும் என்ன சம்பந்தம்? கேக்குறீங்கல்ல?

எங்கப்பா ஆவடி ஃபேக்டரியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸ்ல இருந்த காலத்துல அவருக்கு ஒரு தனி டிபார்ட்மென்ட் உண்டு. சாவு. எந்த ஊர்க்காரர் வீடா இருந்தாலும் சரி, யாராவது தவறிட்டா முதல் போன் அவருக்குத்தான். சொந்தக்காரங்க திருநெல்வேலியிலேர்ந்தும் தர்மபுரியிலேர்ந்தும் வந்து சேர்றதுக்குள்ள ஐஸ் பாக்ஸ், ஷாமியானா, சேர், மாலை, வண்டி எல்லாத்தையும் இவர் முடிச்சிருப்பார். ரிட்டயர்மென்ட் வேலைக்குத்தான்... இந்த டிபார்ட்மென்டுக்குக் கிடையாது.

அம்மா போனப்புறம் எங்க வீட்டுக்கு வந்துட்டார். நானும் என் வீட்டுக்காரரும் வேலைக்குப் போறோம். தாருவுக்குச் சாப்பாடு ஊட்டி, ஸ்கூலுக்கு அனுப்பி, கூட்டிட்டு வந்து, வீட்டுப்பாடம் எழுத வச்சு... அவளை வளர்க்கிறது முழுக்க அவர்தான். சாவு நேரம் காலம் பார்த்தா வருது? ஸ்கூல் விடுற நேரத்துல போன் வந்தா, பேத்தியை மொபெட்ல முன்னாடி நிக்க வச்சு, யூனிஃபார்மோட நேரா சாவு வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுவார்!

எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்...

"இன்னாமா இப்போ? கல்யாணத்துக்கு இட்டுக்கினு போனா மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்ற. இதுவும் ஒரு ஊடுதானே? நாலு பேர் வராங்க, உக்கார்றாங்க, போறாங்க. சுடுகாட்டுக்கா இட்டுக்கினு போறேன்?"

இதெல்லாம் ஒரு நியாயமா? சொல்லுங்க பார்ப்போம்.

ஆனா போன மாசம் விஷயம் முத்திப் போச்சு. சேலத்துலேர்ந்து மாமியார் வீடியோ கால்ல வந்தாங்க. தாரு ஹால்ல விளையாடிட்டிருந்தா. கண்ணாடி மாதிரி மூடி போட்ட பென்சில் பாக்ஸுக்குள்ள பார்பி பொம்மை கண்ணை விரிச்சுப் படுத்திருக்கு. கழுத்துல செவ்வந்திப்பூ. சுத்திலும் கரடி, யானை, டைனோசர் எல்லாம் வரிசையா உட்கார்ந்திருக்கு. "வந்தவங்களுக்கு டீ குடுத்தாச்சா?"ன்னு இவ அதட்டுறா!

சிரிக்காதீங்க. மாமியார் சிரிக்கலை. "அடுத்த மாசம் நான் வரேன். குழந்தையை இங்கே கூட்டிட்டு வந்து சேர்த்துக்கிறேன். இந்த வருஷம் சேலத்துலயே படிக்கட்டும்"னு சொல்லிட்டாங்க. என் வீட்டுக்காரர் அம்மா சொன்னதுக்குத் தலையாட்டிட்டார். எனக்கும் எதிர்த்துப் பேச முடியலை. ஏன்னா, உள்ளுக்குள்ள எனக்கும் அதே பயம்தான். குழந்தை மனசு என்ன ஆகும்? இப்படியே விட்டா நாளைக்கு எதுல கொண்டுபோய் விடும்? அப்பாகிட்ட ஞாயித்துக்கிழமை ராத்திரி பேசிடணும்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன்.

அந்த ஞாயித்துக்கிழமைதான் இவளைக் காணோம்.

அப்பா பத்தே நிமிஷத்துல மொபெட்ல வந்து இறங்கினார். நான் அழறேன், ஷகிலா அழறாங்க. அவர் எங்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பார்ட்டியில யாருனா அழுதாங்களா?"

என்ன கேள்வி இது? எனக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு. ஷகிலாதான், "ஆமா மாமா, ஆயிஷா அழுதா"ன்னாங்க. துபாய்ல வேலை பார்க்கிற அத்தா பர்த்டேவுக்கு வந்துடுவார்னு குழந்தை நம்பிட்டிருந்திருக்கு. லீவு கிடைக்கலை. வீடியோ கால்ல கேக் வெட்டும்போது லைனும் கட். அவ்வளவுதான், ஓன்னு அழுதிருக்கு.

அப்பா விறுவிறுன்னு பில்டிங்குக்குப் பின்பக்கம் போனார். மோட்டார் ரூம் பக்கத்துல ஒரு குழாய். அது கிட்ட செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு, கால் ரெண்டும் ஈரமா, நின்னுட்டிருக்கா என் பொண்ணு!

"ஏன் தாத்தா இவ்ளோ லேட்டு?"

போன உசுரு திரும்பி வந்துச்சுங்க. கட்டிப் பிடிச்சுக்கிட்டு நான் அழுத அழுகையில வாட்ச்மேன் எழுந்து வந்துட்டார். நாலு சாத்து சாத்தணும்னுதான் ஓடினேன், கை வரலை.

அப்புறம்தான் கதை தெரிஞ்சுது. சாவு வீட்டுலேர்ந்து கிளம்பும்போது போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாது, இல்லையா? சொல்லிக்காமத்தான் வரணும். அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை இந்த மாதிரி வர வேண்டாமேன்னு பெரியவங்க வச்ச பழக்கம். அப்பா இதைத் தாருவுக்குச் சுருக்கமா, "அழுற வீட்டுல சொல்லிக்கக் கூடாது. கம்முனு வந்து குழாயாண்ட காலைக் கழுவிக்கினு நில்லு, நான் வந்துடுறேன்"னு சொல்லி வச்சிருக்கார். ஆயிஷா வீட்டுல அழுதாங்க. இவ கம்முனு வந்து, காலைக் கழுவிட்டு, தாத்தா வருவார்னு நிக்கிறா!

"அடிப்பாவி! அது சாவு ஊட்டுக்கு மட்டும்தாண்டி!" அப்பா தலையில அடிச்சுக்கிட்டார்.

ஷகிலா ஒண்ணு சொன்னாங்க. "நாங்க எல்லாரும் 'அழாதே, பர்த்டே அதுவுமா அழக் கூடாது'ன்னு அவளை அதட்டிட்டே இருந்தோம். உங்க பொண்ணு மட்டும் ஒரு டம்ளர் தண்ணி எடுத்துட்டு வந்து அவ பக்கத்துல சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தா. 'அழு, பரவால்ல. அழுதுட்டுத் தண்ணி குடி. நான் இங்கதான் இருக்கேன்'னு சொன்னா. கொஞ்ச நேரத்துல ஆயிஷாவே எழுந்து கேக் சாப்பிட்டா."

இந்தக் குழந்தை மனசையா கெட்டுப் போச்சுன்னு பயந்தேன்? எத்தனை படிச்ச பெரியவங்களுக்கு இது தெரியுது?

ராத்திரி சேலத்துக்கு போன் போட்டேன். "தாரு இங்கேயே இருக்கட்டும் அத்தே. நீங்க வாங்க, பத்து நாள் இருந்துட்டுப் போங்க"ன்னேன். நெஞ்சுல வச்சிருந்த ஆட்டுக்கல்லை இறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு.

ஆனாலும் பெத்தவளாச்சே, சும்மா இருப்பேனா? அன்னிக்கே தாருவை உட்கார வச்சு, "இனிமே எந்த வீட்டுக்குப் போனாலும், கிளம்பும்போது சொல்லிட்டுத்தான் கிளம்பணும்!"னு கண்டிப்பா சொல்லிட்டேன். எந்த வீட்டுக்குப் போனாலும்னு சொல்லியிருக்கக் கூடாதோ...

புதன்கிழமை பட்டாபிராம்ல அப்பாவோட பழைய ஃபிரெண்டு தவறிட்டார். பிள்ளைங்க கிடையாது, புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேர். எல்லாம் முடிஞ்சு கிளம்பும்போது தாரு அந்தம்மா முன்னாடி போய் நின்னு, கணீர்னு, "போயிட்டு வரேன் ஆயா!"ன்னுட்டாளாம். கூட்டமே திரும்பிப் பார்த்திருக்கு. அப்பா ஓடிப் போய் அவ வாயைப் பொத்தியிருக்கார்.

காலையிலேர்ந்து யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாத அந்தம்மா அவ கையைப் பிடிச்சுக்கிட்டாங்களாம்.

"வா கண்ணு... கண்டிப்பா வா. இனிமே இந்த ஊட்டுக்கு யாரு வரப் போறா?"

நேத்து ஸ்கூல் விட்டு தாத்தாவும் பேத்தியும் லேட்டாத்தான் வந்தாங்க. பட்டாபிராம் போயிருந்தாங்களாம்.

பின்னே? சொல்லிட்டு வந்துட்டா... போகாம இருக்க முடியுமா?