சந்தியோகு மாமா கேட்ட ரைபிளும் நான் செய்த ரைபிளும்

செய்தி வந்தபோது நான் சிரித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் ஒளித்ததுபோல் ஆகிவிடும். சனிக்கிழமை காலை, மன்னாரில் ரியூசன் வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. அம்மா போனில் கூப்பிட்டார். சந்தியோகு மாமாவை விடியப்புறம் வயல் வரம்பில் புடையன் பாம்பு கடித்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே போய்விட்டார் என்றார். "மாமா உங்களுக்குப் பக்கத்திலதானே நிக்கிறார்? அவருக்கு நடிக்கத் தெரியாதெண்டு சொல்லுங்கோ" என்றேன். தன் முறை ஒருநாள் வரும், அப்போது பார் என்று இரண்டு மாதமாக என்னை மிரட்டிக்கொண்டிருந்தவர் அவர். அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அம்மாவுக்கும் நடிக்கத் தெரியாது என்பது எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் நினைவுக்கு வந்தது.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் மற்றவர்கள் அவருடைய கோயில் தொண்டைப் பற்றியும், திருநாளுக்குத் தோரணம் கட்ட முதலாவதாக ஏணியில் ஏறுகிறவர் என்பதைப் பற்றியும் எழுதியிருப்பார்கள். எல்லாம் உண்மை. எனக்கு அவரைத் தெரிந்தது அவர் கேட்ட ரைபிள் துவக்கு வழியாக. அந்தத் துவக்கு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. மாறாக, விளையாட்டுத் துவக்குச் செய்து பொலிசில் மாட்டியவர் என்ற பெயர்தான் கிடைத்தது. செத்தவீட்டில்கூட இரண்டு பேர் அதைச் சொல்லிச் சிரித்ததை நான் கேட்டேன். அந்தக் கதையில் ஒரு ஆள் குறைகிறது. அந்த ஆளைச் சேர்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகுவேலி. தமிழ்நாட்டு முகாமில் இருபது வருடம் இருந்துவிட்டு, பிலோமினா மாமியோடு திரும்பி வந்து, அரிப்புக்குப் போகிற றோட்டுக்குப் பக்கத்தில் கச்சான் கடலையும் வத்தகப்பழமும் போட்டவர். கச்சானைப் பன்றி உழுதது. வத்தகப்பழத்தை நரி கடித்தது. எங்கள் அம்மா சந்தையில் தட்டிப் பார்ப்பதுபோல நரியும் பழுத்ததாகப் பார்த்துத்தான் கடிக்கும். அதோடு மாமியின் ஆட்டுக்குட்டிகளில் மூன்றைக் கொண்டுபோனது. ஒருநாள் மாமா வேலிக்கு மேலால் தலையை நீட்டி, என்னுடைய போனில் துவக்குப் பார்க்கலாமா என்று கேட்டார். பார்க்கலாம், ஆனால் லைசென்ஸ் லேசில் வராது என்றேன். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு வேலை அதுதான். இங்கிலிஷ் வீடியோவைப் போட்டு, வேலிக்கு இந்தப் பக்கத்தில் நின்று, அந்தப் பக்கத்துக்குத் தமிழில் சொல்லுவேன்.

அவர் முதல் நாளே ஒன்றைத் தீர்மானித்துவிட்டார். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளிக் குண்டேற்றுகிற ரைபிள்தான் வேண்டும். தானாக அடுத்த குண்டு ஏறுகிறது கெதியானது என்று நான் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. "தானா வெடிச்சுக்கொண்டு போற துவக்கை எனக்குத் தெரியும் பிள்ளை. அந்தச் சத்தத்துக்குத்தான் வள்ளம் ஏறினனான். எனக்கு வேண்டியது, ஒவ்வொரு வெடிக்கும் என்னைக் கேக்கிற துவக்கு" என்றார். சத்தத்துக்கு ஓடினவன் இப்போது துவக்குக் கேட்கிறான் என்று ஊரில் பகிடி பண்ணியபோதும் அவர் இதைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் அவர்கள் முழுவதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

லைசென்ஸ் கொடுக்கிற கந்தோரில் எல்லோருக்கும் சன்னம் சிதறுகிற சொட்கன்தான் என்றார்கள். சொட்கன் நாற்பது, ஐம்பது கஜ தூரத்துக்குள்தான் சரிவரும். நரியோ பற்றைக் கரையில் இருந்து எங்களை வேடிக்கை பார்க்கிற பிராணி. அதுவும் தவிர, சன்னம் பட்டு ஓடி, மூன்று நாள் புழுத்துச் செத்த பன்றி ஒன்றை மாமா பற்றைக்குள் கண்டிருக்கிறார். காயப்படுத்தி அனுப்புவதற்குத் தான் துவக்குக் கேட்கவில்லை என்று ஒரு கடதாசியில் இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோனார். அதை வாசித்த கிளாக்கர், "ஐயா, நீங்கள் பன்றி சுடப் போறியளோ, ஒலிம்பிக்குக்குப் போறியளோ?" என்று கேட்டாராம். அதை அவரே எனக்குச் சொல்லிச் சிரித்தார். தன்னைப் பற்றிய பகிடியைத் தானே முதலில் சொல்லிவிடுகிற மனிதர்.

எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் குண்டைப் பற்றித்தான். நரிக்கு அளவான குண்டு பன்றிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுகிற மாதிரி. பன்றிக்கு அளவான குண்டு நரியைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். நான் பெரியதற்குக் கட்சி. ஒரு பின்னேரம் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் வயலின் நடுவில் நிறுத்திவிட்டு, மேற்கே கால் எட்டி அளந்துகொண்டு நடந்தார். வயல், பற்றை, றோட்டு, அதற்கப்பால் கடற்கரையில் மீன்பிடிக்காரர் தங்குகிற வாடிகள். திரும்பி வந்து சொன்னார்: "உன்ர வீடியோவில சுடுறவங்கள் எல்லாருக்கும் பின்னால மலை நிக்குது. எங்களுக்கு ஆர் நிக்கிறது? வாடியில வலை பின்னுற சனம்." அத்தோடு சிறிய குண்டு என்று முடிவானது, உள்ளே போனதும் பொடியாகிற வகை. பன்றி கிட்ட வந்து அசையாமல் நின்றால் பார்ப்பம், இல்லாவிட்டால் கச்சானைத் தின்றுவிட்டுப் போகட்டும் என்றார். பிறகு காவல் கொட்டிலை உயர்த்திக் கட்டினார். மேலிருந்து கீழே சுட்டால் தவறின குண்டும் மண்ணுக்குள்தான் போகும். துவக்கு வருவதற்கு முன்பே துவக்குக்கு இடம் தயார். துவக்கு இல்லாமலே துவங்கிவிட்டார் என்று நான் அவரைக் கேலி செய்தேன்.

இனி என் பங்கு. விண்ணப்பம் கந்தோர் கந்தோராக நடந்துகொண்டிருந்த நாட்களில், நானே ரைபிளை வழங்கிவிடுவது என்று தீர்மானித்தேன். தண்ணீர் பைப் ஒரு துண்டு. உடைந்த கதிரையின் கால். தூரக் கண்ணாடிக்குப் பழைய ரோர்ச் லைற். இழுத்துத் தள்ளுவதற்கு எங்கள் கோழிக்கூட்டுக் கதவின் தாழ்ப்பாள். அது 'டக்' என்று அசலாகவே சத்தம் போட்டது. முழுவதற்கும் கறுப்புப் பெயின்ற். அதைச் சாக்கில் சுற்றி, ஒரு கடிதமும் வைத்து, மாமாவின் கொட்டிலில் வைத்துவிட்டு வந்தேன். கடிதம், 'தங்கள் நீண்டநாள் கோரிக்கை ஏற்கப்பட்டது' என்று தொடங்கி 'பன்றியுடன்' என்று முடிந்தது. 'நன்றியுடன்' இருக்க வேண்டிய இடம். அன்று பின்னேரம் அவர் இருமி இருமிச் சிரித்த சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னார். துவக்கை மட்டும் எறியவில்லை. கொட்டிலில் வெளியே நீட்டிக் கட்டிவைத்தார். குரங்குகள் இரண்டு நாள் அதற்கு மரியாதை கொடுத்தன.

மூன்றாம் நாள் றோட்டால் போன யாரோ அதைப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் யாரும் அதைப் பகிடி என்று நினைக்க மாட்டார்கள். நினைக்க முடியாது. அந்த ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. யுத்தம் முடிந்தபோது நான் கைக்குழந்தை. ஆனால் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். என்னுடைய வேலையைக் கழற்றி எறிய மனம் வராமல்தான் வைத்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோதுதான் அவரைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று தெரிந்தது. சைக்கிளில் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். கேற்றுக்கு வெளியே நின்றால் யன்னலால் உள்ளே தெரியும். மாமா மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். பொலிஸ்காரர் ஒருவர் என் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளி இழுத்துத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா என்னைக் கண்டார். உடனே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தன் கண் போகிற திசையில் வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. நான் உள்ளே போயிருக்கலாம். சைக்கிளைத் திருப்பினேன்.

பொழுதுபட முன்னர் அவரை விட்டுவிட்டார்கள். அடி இல்லை, வழக்கு இல்லை. ஆனால் துவக்கு லைசென்சுக்குப் பொலிஸ் அறிக்கை வேண்டும். அது அத்தோடு நின்றது. மறுநாள் வேலியடியில் நான் வாய் திறக்க முதலே அவர் முந்திக்கொண்டார். நான் உள்ளே வந்திருந்தால் பள்ளிக்கூடத்துக்கும் சொல்லியிருப்பார்கள், சோதினை வருகிற வருடம் என்றார். "ஆனா உனக்கு ஒருநாள் நான் செய்வன் பார்" என்றும் சொன்னார். நான் சிரித்தேன்.

அந்த ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நின்றபோது, பிலோமினா மாமி அவரை ஏசிப் பேசினார். "அம்பத்திமூண்டு வயசில பைப்புத் துவக்குச் செய்து விளையாடுறார். முகாமில இருவது வருசம் ஒருத்தன்ர வாயிலயும் விழாமல் காப்பாத்தின பேரை ஒரு நாளில துலைச்சுப்போட்டார்." மாமா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதற்கும் பதில் பகிடி வைத்திருக்கிற நான் அன்று அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு மாமி அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டை மேசையில் மூடிவைத்துவிட்டுப் போய்விடுவார். மாமா விடியப்புறத்தில் தகரம் தட்டி நரி கலைக்கப் போவார். இரண்டு மாதம் அப்படி. பிறகு அந்தச் சனிக்கிழமை.

துவக்கு இருந்திருந்தாலும் அவர் அந்த வரம்பால்தான் நடந்திருப்பார். புடையன் லைசென்ஸ் பார்த்துக் கடிப்பதில்லை. இப்படி எனக்கு நானே நூறு தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்தப் பாரம் கொஞ்சம் அசைகிறது. மாமியின் இரண்டு மாத மௌனம் அசையவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் கிழமை மாமியிடம் போனேன். அவர் மாமாவின் சேட்டுகளை யாருக்கோ கொடுப்பதற்காக மடித்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், தாழ்ப்பாள் வரைக்கும். மாமி சேட்டை மடியில் வைத்தார். பிறகு கேட்டார்.

"அண்டைக்குக் கோயில் வாசலில நீ எங்க நிண்டனி?"

"மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில, மாமி."

"நான் பேசினது உனக்குக் கேட்டது."

"ஓம்."

"ஆர் செய்ததெண்டு நான் அவரிட்டக் கேக்கவே இல்லை. பொலிசில ஒண்டே ஒண்டுதான் சொன்னவராம், 'நான்தான் செய்தனான்' எண்டு. அதை நானும் நம்பிப்போட்டன்." சேட்டை முகத்தில் அழுத்தி எடுத்தார். "நான் பேசினதை முழுக் கோயிலும் கேட்டது. நீ சொல்லுறது எனக்கு மட்டும் கேட்டால் காணுமோ? மலருக்கு எழுது. பேர் போட்டு எழுது."

எழுதிவிட்டேன். மாமி என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மலர்க் குழுவினர், 'அயலவர்' என்று போட்டால் போதும், பிள்ளையின் பெயர் எதற்கு என்றார்கள். 'அயலவர்' வேண்டாம், பெயரையே போடுங்கள் என்றேன். சந்தியோகு மாமாவை அறிந்தவர்களே, இனி அந்தக் கதையைச் சொல்லுகிறபோது சரியாகச் சொல்லுங்கள். அவர் வாழ்நாளில் சொல்லி நான் அறிந்த ஒரே பொய்யை அவர் எனக்காகச் சொன்னார். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்த இரண்டு சொல்தான். என் வாயில் அது பொய்யில்லை.

நான்தான் செய்தனான்.

யோ. நிறோஜினி