பாஸ்போர்ட் பையில் புது உப்பு

குவைத் போகும் அண்ணனை வழியனுப்ப நானும் அப்பாவும் திருச்சி விமான நிலையத்துக்குப் போனோம். அம்மா வரவில்லை, மரக்காணம் உப்பளத்தில் அவருக்கு வேலை. நல்லபடியாகப் போய்ச்சேர வேண்டுமென்று, அன்று வாரிய உப்பில் ஒரு பிடியைத் துணியில் முடிந்து அண்ணனின் கைப்பையில் வைத்திருந்தார்.

புது உப்பில் ஈரம் வடிய நாளாகும். வழியிலேயே அது கசிந்து பாஸ்போர்ட்டை நனைத்துவிட்டது. விசா முத்திரை கலைந்திருந்தது.

"இத வச்சிகிட்டு உன்ன ஏத்த முடியாதுப்பா" என்றார் கவுன்டரில் இருந்தவர்.

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "டேய், உப்புலயே கெடந்துட்டு இது தோணலையேடா நமக்கு!"

புது பாஸ்போர்ட்டும் விசாவும் எடுக்கும்வரை கம்பெனி இரண்டு மாதம் பொறுத்துக்கொண்டதால் அண்ணனின் வேலை தப்பியது. இப்போதும் யார் கிளம்பினாலும் அம்மா உப்பு முடிந்து தருகிறார். நான் அதை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டை பாலிதீன் உறையில் வைத்துக் கொடுக்கிறேன். அண்ணன் திரும்பி வந்த அன்று, விமானம் ரத்து என்றுதான் அம்மாவிடம் சொன்னோம். அவருக்குப் படிக்கத் தெரியாது, பாஸ்போர்ட் புதிது என்பதும் தெரியாது. ஆன செலவு பதினாறாயிரம் ரூபாய் என்பதும் தெரியாது.