கிருமி டெஸ்ட்டுக்குக் காத்திருக்கும் அத்தை

அந்தச் செய்தியை அத்தைக்கு நான் ஏன் வாசித்துக் காட்டினேன்? அவருடைய ஆறுதலுக்கா, என் மனபாரத்தை இறக்கி வைக்கவா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அத்தை என் மாமியார். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவர். கம்பெனி பஸ் ஏறியதிலிருந்து சாப்பாட்டு நேரம் வரை அவர்கள் குழுவில் ஒருத்தியும் தண்ணீர் குடிக்க மாட்டாள். குடித்தால் போக வேண்டும். போனால், எங்கே ஆளைக் காணோம் என்று சூப்பர்வைசர் தேடுவார். “நாள் பூரா கக்கூஸ் கழுவுறேன், எனக்குப் போவத்தான் நேரமில்ல” என்று சொல்லிச் சிரிப்பார் அத்தை.

அதனால் போன வருடம் சிறுநீர் போகும்போது எரிகிறது என்று அவர் சொன்னபோது, நீர்க்கடுப்பு என்று நானே முடிவு செய்துவிட்டேன். குழந்தை பிறந்த புதிதில் எனக்கும் அந்தத் தொல்லை இருந்தது. டாக்டர் அப்போது எழுதிக் கொடுத்த சீட்டை வைத்திருந்தேன். அதைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிக் கொடுத்தேன். குறைந்தது. திரும்ப வந்தது. மறுபடியும் வாங்கினேன். மூன்றாவது முறை அவர் எதுவும் சொல்லவில்லை. பாத்ரூமில் இரத்தத்தை நான்தான் பார்த்தேன்.

“இன்னா அத்தை இது?”

“சூடும்மா. மோர் குட்சா சரியாப் பூடும். உன் புருசன்கிட்ட சொல்லிக்கினு இருக்காத.”

சொல்லவில்லை. சிறுநீரை மட்டும் லேபில் கொடுத்தேன். கிருமி எதுவும் வளரவில்லை என்று முடிவு வந்தது. அப்பாடா என்று இருந்தது. கிருமி இல்லாமலே இரத்தம் வந்தால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதா, கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை என்பதா? அந்தத் தாளைப் பீரோவில் பத்திரமாக வைத்தேன். இன்னும் இரண்டு மாதம் போய்விட்டது.

இரத்தம் உறைந்து சிறுநீர் அடைத்துக்கொண்ட அன்றுதான் சென்னைக்கு ஓடினோம். சிறுநீர்ப்பையில் புற்றுநோய். சிறுநீர்ப் பாதை வழியாகவே குழாய் விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். ஆழமாக இறங்கவில்லை, ஆனால் திரும்ப வரக்கூடியது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே வழியில் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

முதல் கேமரா முடிந்து திரும்பும்போது அத்தை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். குன்றத்தூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். “கேமரா வுடச்சொல்லோ எத்தினி டாக்டர் பசங்கம்மா சுத்தி நிக்கிறானுங்கோ. எல்லாம் எம் புள்ள வயசு.”

அந்த வாரம்தான், குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே போனில் ஒரு செய்தி படித்தேன். சாதாரண லேப் சோதனையில் வளராத கிருமிகளும் சிறுநீரில் உண்டாம்; இந்தப் புற்றுநோய் உள்ளவர்களிடம் அவை மற்றவர்களுடையதைப் போல் இல்லையாம். அதை வைத்தே நோயைக் கண்டுபிடிக்க முடியுமா என்று ஆராய்கிறார்களாம். எழுந்து போய் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன்.

“அப்ப மூத்திரத்த குட்த்தா போதுமா? கேமரா வாணாமா?”

“ஆராய்ச்சிதான் அத்தை. இன்னும் வரல.”

“வரும்ல?”

அவர் முகத்தைப் பார்த்து, “வரும்” என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது கேமராவுக்குத் தேதி வந்தது. அத்தை கிளம்பவில்லை. “அதான் கிருமி டெஸ்ட் வருதுன்னியே, படிச்சவளே. வரட்டும், போலாம்.” ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டேன். அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, அந்தக் கிருமிகளால் நோய் வந்ததா, நோயால் அவை வந்தனவா என்பதே தெளிவாகவில்லை, அதை நம்பிக் கேமராவைத் தள்ளிப் போடக் கூடாது என்றார் நர்ஸ். அத்தையிடம் அப்படியே சொன்னேன். “அவுங்கோ பொழப்பு ஓட வாணாமா?” என்று சிரித்தார். கணவரோ, “நீதான ஆரம்பிச்ச, நீயே பேசு” என்று ஷிப்டுக்குப் போய்விட்டார்.

நேற்றுக் காலை அத்தை ஒரு பாட்டிலை என் கையில் கொடுத்தார். குழந்தையின் இருமல் மருந்து பாட்டில். கழுவி, அதில் சிறுநீர் பிடித்திருந்தார். “ஆராய்ச்சி பண்றாங்கன்னியே, யாராச்சும் வாங்கிக்குவாங்களா, கேட்டுப் பாரேன்.” சூடு ஆறாத அந்தப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொட்டவும் மனம் வரவில்லை. கடைசியில் அத்தைக்குத் தெரியாமல்தான் கொட்டினேன்.

தேதி தாண்டி ஒன்பது நாள் ஆகிறது. உள்ளே மறுபடி வளர்கிறதோ என்னவோ. உங்கள் வீட்டில் யாராவது இப்படி மறுத்திருந்தால், என்ன சொல்லி அழைத்துப் போனீர்கள்? பெண் டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்று கேட்கலாமா, கேட்டால் கோபித்துக்கொள்வார்களா? நான் சொன்ன “வரும்” என்ற சொல்லை அவர் மனம் உடையாமல் எப்படித் திரும்ப வாங்குவது? தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.