இவ்விடம் உடைக்க

நெடுஞ்சாலைப் பாலமொன்றை மூன்று நாளில் மாற்றிவிடலாம் என்று முதலில் கேட்டபோது நானும் சிரித்தவன்தான். ஆனால் கொழும்பு கிராண்ட்பாஸில் எங்கள் கம்பனி யார்டில் கொங்கிரீட் பீம்களையும் பலகைகளையும் முன்கூட்டியே வார்த்து, இலக்கமிட்டு அடுக்கிவிட்டோம். வெள்ளி பின்னேரம் வீதியை மூடிப் பழையதை உடைப்பது, பிறகு கிரேனால் புதியதைத் தூக்கி வைப்பது, திங்கள் காலை பஸ் விடுவது. யுத்த காலம்; அதற்குமேல் வீதியை மூட ஒருவரும் விடமாட்டார்கள். எந்த பீம் எங்கே என்று படம் வரைந்தது நான்.

படம் ஆங்கிலத்தில்தான். ஆனால் அவசரத்தில் கை தமிழுக்குத்தான் ஓடும். வெள்ளவத்தை வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, என் பிரதியில், பழைய பீம்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ‘இவ்விடம் உடைக்க’ என்று எழுதிவிட்டேன். என்ன கோதாரிக்கு எழுதினேனோ!

வெள்ளி காலை செக்பொயின்றில் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம், பையில் பாலத்தின் படம். பொலிஸ்காரர் சிவப்பு எழுத்தைத் தொட்டு, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். உள்ளதைச் சொல்லியிருக்கலாம். நாக்குப் புரண்டுவிட்டது.

“திருத்த வேலை, சேர்.”

தமிழ் தெரிந்த இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார்: “இவ்... விடம்... உடைக்க.” நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துத்தான் சொன்னது.

பொலிஸ் ஸ்டேஷன் வாங்கில் இருத்திவைத்தார்கள். அந்த நாட்களில் இப்படி உள்ளே போனவர்கள் மாதக்கணக்கில் வரமாட்டார்கள், சிலர் வரவேயில்லை. வீட்டில் மனைவி தனிய. படத்திலிருந்த யார்ட் போன் இலக்கத்துக்கு அவர்கள் போன் பண்ண, யார்டிலிருந்து எங்கள் பாஸ் ஓடிவந்தார். ஆறு வருடம் எனக்குக் கீழே வேலை செய்த சிங்கள மேற்பார்வையாளர். வேலைக் கடிதத்தைக் காட்டி, இவருக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்தும் வைத்தார். மத்தியானம் விட்டார்கள்.

பாலத்தடியில் அவர் என் பக்கத்தை விட்டு அசையவில்லை. சோற்றுப் பார்சலைக்கூட என் பக்கத்திலிருந்தே தின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பீம்கூட விரல்கடை விலகவில்லை.

திங்கள் காலை முதல் பஸ் பாலத்தைக் கடந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பிளேன்டீயோடு கரையில் நின்றபோது பாஸ் சிங்களத்தில் ஐயா என்று கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்:

“மாத்தயா, உடைக்கத்தானே எழுதினது. நாங்க உடைக்கத்தானே வந்தது. அப்ப ஏன் பொய் சொன்னது?”

“பயம், பாஸ்.”

“எனக்கும் பயம். நீங்க பொய் சொன்னது எண்டு பொலிஸ்ல சொல்லிட்டாங்க. அது தெரிஞ்சுதான் கையெழுத்து வச்சது.” கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அதுதான் மூணு நாளும் உங்களப் பாத்துக்கொண்டே நிண்டது.”

நான் அதை அன்பு என்று நினைத்திருந்தேன்.