அட்டைக் குழியும் ஆயுதக் கிடங்கும்

தீவிரவாதிகளின் வீடியோக்களைப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது. நீங்கள் சும்மா பார்க்கிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். விடிந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘உடனே பகிரவும்’ என்று வந்து விழுகிறதே, அதைத் திறந்து பார்க்கிற சகபாவிகள்தானே நீங்களும். நான் மன்னார்த் தீவில், பள்ளிமுனையில் கடற்றொழில் வீட்டில் பிறந்து, பல்கலைக்கழக விரிவுரையாளரானவள். இணையத்தில் வெறுப்பை விதைக்கிறவர்கள் எப்படி விதைக்கிறார்கள் என்று ஆராய்கிறேன். இந்த வேலையில் நான் கெட்டிக்காரி என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும்.

போன் திருத்தப் போன கதை

மன்னார் டவுனில் ஒரு கடையில் போனைத் திருத்தக் கொடுத்தேன். திரை உடைந்திருந்தது, வேறொன்றுமில்லை. கொடுத்துவிட்டு மீன் வாங்கப் போய்த் திரும்பி வந்தால், கடைக்காரத் தம்பி முகம் வெளிறி நிற்கிறான். புதுத் திரை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வீடியோவை ஓட்டியிருக்கிறான். பிறகு இன்னொன்று. முகமூடி, கொடி, துப்பாக்கி, சபதம். எந்த மதம், எந்த மொழி என்று பாராமல் எல்லாத் தரப்பும் என் போனுக்குள் சமாதானமாகக் குடியிருந்தன.

இது ஆராய்ச்சி, பயப்படத் தேவையில்லை என்று நன்றாகத்தான் விளக்கினேன். அவனும் தலையாட்டினான். போனை இரண்டு விரலால் பிடித்து நீட்டியபடி சொன்னான்: “காசு வேண்டாம் அக்கா. இனி உடைஞ்சா புதுசு வாங்குங்கோ.”

எல்லாருக்கும் ஒரே மேளம்

என்னோடு வேலை செய்கிற நிலந்தி சிங்கள வீடியோக்களைப் பார்ப்பாள். தமிழில் வருகிறவை என் பங்கு. எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டுப் பார்த்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுவோம். பிறகு சத்தத்தோடு பார்த்து, மனதில் எழுவதை எழுதுவோம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் பிரசாரம் செய்கிறவன் குடியிருக்கிறான். இது என் கண்டுபிடிப்பு என்று நானும், தன்னுடையது என்று அவளும் இன்றைக்கும் சண்டை பிடிக்கிறோம்.

ஒருநாள் மூன்று தரப்பு வீடியோக்களை அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டோம். ஒருவரை ஒருவர் அழிக்கத் துடிக்கிற மூன்று கூட்டங்கள். மூன்றுக்கும் பின்னால் அதே மேளம், அதே பெருமூச்சுப் போன்ற காற்றுச் சத்தம். நிலந்தி தேநீரை வைத்துவிட்டுச் சிங்களம் கலந்த தன் தமிழில் சொன்னாள்: “இவங்க எல்லாரும் சேந்து ஒரே ஸ்டூடியோ போட்டா செலவு குறையும் நே?”

அம்மா அனுப்பிய வீடியோ

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அம்மாவிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. பக்கத்து முஸ்லிம் ஊரான எருக்கலம்பிட்டிக் கரையில் சிலர் பொழுதுபடுகிற நேரம் குழி தோண்டி, சாக்குகளில் இருந்து எதையோ கொட்டி, மண்ணால் மூடுகிறார்கள். பின்னால் அதே மேளம். ‘முஸ்லிம்கள் ஆயுதம் புதைக்கிறார்கள்’ என்று ஒரு குரல், கீழே அதையே பெரிய எழுத்தில். நடுவில் தொப்பி போட்ட ஒருவரின் முகத்தைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. அது கடலட்டை, காயவைத்து வெளிநாட்டுக்கு விற்கிற கடலுயிர். அவித்த அட்டையை ஈரமணலில் புதைத்து வைத்தால் மேல்தோல் ஊறிக் கழன்றுவிடும். மறுநாள் கிண்டி எடுத்துக் கழுவி, திரும்ப அவித்துக் காயவைப்பார்கள். அப்பா கடலுக்குள் சுழியோடி எடுத்துவந்த அட்டையை அம்மாவே வருடக்கணக்காகப் புதைத்திருக்கிறா. அந்த நாற்றத்தோடு பள்ளிக்கூடம் போனவள் நான். ஓடிப்போய், “அம்மா, இது நீங்கள் செய்த வேலைதானே?” என்றேன். அம்மா கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னா: “நாங்கள் புதைச்சது அட்டைதான் பிள்ளை. அவையள் புதைக்கிறது என்னண்டு ஆருக்குத் தெரியும்?”

நஸூர் நானாவின் வாடி

சிவப்பு வட்டத்துக்குள் இருந்தவர் நஸூர் நானா (நானா என்றால் அண்ணன்), கரையோரக் கொட்டிலில், அதாவது வாடியில், அட்டை பதனிடுகிறவர். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது சின்ன வயதில் ஊரோடு இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, அரைவாசி வாழ்க்கை முடிந்தபிறகு மன்னார்த் தீவுக்குத் திரும்பி வந்தவர். வீடியோ பரவியதும் பொலிஸ் வந்து குழியைக் கிளறி, அட்டையைக் கண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டது. அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை. சுழியோட வருகிற தமிழ்ப் பெடியன்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். வாடி மூடிக் கிடந்தது. அவருடைய மனைவி பரீதா அலுமாரியில் இருந்த உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கியிருந்தா. திரும்பவும் ஊரைவிட்டுப் போவதா இல்லையா என்பதுதான் அந்த வீட்டில் நடந்த ஒரே பேச்சு.

அவரைத் தேடிப்போய், உங்கள் கதையை எழுதுகிறேன், பேரை மாற்றிவிடுவேன், பாதுகாப்பாக இருக்கும் என்று என் ஆராய்ச்சி விதிகளை எல்லாம் ஒப்புவித்தேன். நானா பொறுமையாகக் கேட்டார். “எழுதுறதெண்டா எழுதுங்க மிஸ். மாத்துறதெண்டா என்ட முகத்த மாத்த ஏலுமா?”

பேராசிரியரின் ஆலோசனை

மறுநாளே எங்கள் பேராசிரியரிடம் போய், வீடியோ எப்படித் திரிக்கப்பட்டது, யார் பாதிக்கப்பட்டார்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். அவர் நல்ல மனிதர். “அருமையான விசயம் பிள்ளை, அடுத்த வருச மாநாட்டுக்கு எழுதுங்கோ.”

சத்தத்தை நிறுத்தியபோது

அடுத்த வருடம்வரை பரீதாவின் பெட்டி காத்திருக்காது. அம்மாவோடு வாதாடிப் பயனில்லை என்பதும் தெரியும். வாதாடினால் ஆட்கள் இன்னும் இறுகிப்போவார்கள் என்று நானே மாணவர்களுக்குப் படிப்பிக்கிறேன். ஆகவே பின்னேரம் அம்மாவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, அதே வீடியோவைச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஓடவிட்டேன். எழுத்துகளை விரலால் மறைத்துக்கொண்டேன். 

மேளம் இல்லாமல் அம்மா முதல் தடவையாக அந்த மனிதர்களின் கையைப் பார்த்தா. முகம் மாறியது. போனைப் பறித்துக் கிட்டப் பிடித்தா. “இதென்ன விசர் வேலை? இவ்வளவு மண் காணாது, நாய் கிளறிப்போடும்!”

நஸூர் நானாவிடம் அம்மா

“என்னைக் கூட்டிக்கொண்டு போ” என்று அம்மாதான் கேட்டா. வாடியில் நானா எங்களுக்குக் கதிரை போட்டார். அம்மா உட்காரவில்லை. “அந்த வீடியோவ நானும் அனுப்பினனான் தம்பி. அதச் சொல்லத்தான் வந்தனான்” என்றா.  பரீதா கதவோரம் அப்படியே நின்றா. நானா குனிந்து, அம்மாவுக்குப் போட்ட கதிரையில் இருந்த மணலைத் தட்டிவிட்டார். பிறகு நிமிர்ந்தார். “அனுப்பின ஆக்கள்ள நீங்கதான் முதல்ல வந்திரிக்கிறீங்க.”

உப்பு

அதற்குப் பிறகு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு குழிக்குள் கையை விட்டு, மிஞ்சிக் கிடந்த ஒரு அட்டையை உருவி எடுத்து நசித்துப் பார்த்து, உப்புப் போதாது, அவியல் காணாது, மேலே ஈரச்சாக்குப் போடத் தெரியாதா என்று நானாவை ஏசத் தொடங்கிவிட்டா. நானாவும் விடவில்லை, தன் அவியல்தான் சரி என்று எதிர்த்துப் பேசினார். வெட்கத்தை விட்டு இருவரும் சிரித்தார்கள். இருவரும் சம்மதித்ததால் அதை அப்படியே போனில் பிடித்து, மேளம் போடாமல், அம்மா கையாலேயே அதே குடும்பக் குழுவுக்கு அனுப்பவைத்தேன். பொய் ஓடிய தூரம் அது ஓடவில்லை. ஆனால் சுழியோடிகளின் வீடுகள்வரை போய்ச் சேர்ந்தது. இரண்டு படகுகள் திரும்பி வந்தன, வாடியில் அட்டை அவிக்கிற புகை எழும்பியது.

சில வாரம் கழித்துப் போனபோது பரீதா தேநீர் தந்தா. பெட்டி எங்கே என்று கண்ணால் தேடினேன், அவவும் கண்டுகொண்டா. “உடுப்பெல்லாம் அலுமாரில வச்சிட்டன் மிஸ். பெட்டி மட்டும் இன்னும் கட்டிலுக்குக் கீழதான் இரிக்கி.”

அந்தப் பெட்டியை அலுமாரிக்கு மேலே தூக்கிப்போட வைக்கிற கட்டுரையை எப்படியும் எழுதிவிடுவேன் என்றுதான் இன்னும் நம்புகிறேன், ஆனால் இவ்வளவு காலம் தீவிரவாதத்தை ஆராய்ந்த என் பெயரில் இதுவரை அதிகம் பேர் பார்த்த ஆய்வு, உப்புப் போதாது என்று என் அம்மா ஒருவரை ஏசுகிற வீடியோ ஒன்றுதான்.