திருத்தத்துக்கு வந்த மூன்று வரிகள்

துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் அறிக்கை எழுதுவது என் வேலை. ஃபிட்டர்கள் எழுதித் தருவதை நான் ஆங்கிலம் திருத்தி அனுப்பினால்தான் மேனேஜர் படிப்பார். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்த ஆபீசில், இங்கிலீஷ் வாக்கியத்தில் ‘தி’ எங்கே வரும், எங்கே வராது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது. இல்லையென்று சொன்னால் என் வாய் அழுகிப் போகும்.

மூன்று வருடம் முன்பு, உடன்குடிப் பக்கத்து ஃபிட்டர் ஒருவன் மூன்று வரி எழுதிக் கொண்டுவந்தான். கன்வேயர் பெல்ட்டின் ஓரமாக ஓடும் ஆபத்துக் கயிறு வேலை செய்யவில்லை, இழுத்தால் பெல்ட் நிற்கவில்லை. விஷயம் அவ்வளவுதான். ஆனால் மூன்று வரியிலும் ஒரு ‘தி’ கூட இல்லை.

“ஏலே, எந்தக் கயிறு, எந்த பெல்ட்டு? மொதல்ல சொல்லும்போது ‘ஏ’, அதையே மறுபடி சொன்னா ‘தி’. எத்தன தடவ சொல்லுதது? போய் எழுதிட்டு வா.”

“கயிறுன்னா கயிறுதான அண்ணாச்சி? நீங்களே போட்டு அனுப்பிருங்களேன். இழுத்தா நிக்க மாட்டேங்கு.”

நானே போட்டிருக்கலாம். அரை நிமிஷ வேலை. “நீ எப்பதாம்ல படிக்கப் போற?” என்று தாளை அவன் கையில் திணித்தேன். ஆபீசில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் திரும்ப எழுதிக்கொண்டு வந்தான். இந்தத் தடவை கண்ட இடத்திலெல்லாம் ‘தி’ போட்டிருந்தான், தன் பெயருக்கு முன்னாலும். சிவப்புப் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டு, தாளை என் டிரேயில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அந்த மத்தியானம்தான் பெல்ட் உருளையில் அவன் கை சிக்கியது. பக்கத்தில் நின்றவர் கயிற்றை இழுத்திருக்கிறார், இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். பெல்ட் நிற்கவில்லை. சுவிட்ச் அறைக்கு ஓடிப்போய் நிறுத்துவதற்குள் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. பாவி நான், அப்போது மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தேன்.

விபத்து அறிக்கையையும் நான்தான் எழுதினேன். ஊழியரின் கவனக்குறைவு என்று எழுதச் சொன்னார் மேனேஜர், எழுதினேன். டிரேயில் கிடந்த தாளைப் பற்றி மூச்சு விடவில்லை. வேலை போய்விடும் என்று பயம். படித்துப் பார்த்துவிட்டு, “இங்கிலீஷ் பிரமாதம்” என்றார் அவர்.

போன மாதம் எங்கள் ஊர்ப் பக்கத்துப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாப்பில் அவனைப் பார்த்தேன். ஒதுங்கப் பார்த்தேன், முடியவில்லை. அவனே சிரித்துக்கொண்டு வந்தான்.

“அண்ணாச்சி, எம் மவ பன்னெண்டாவது படிக்கா. இங்கிலீஷ்தான் வர மாட்டேங்கு. நீங்க கொஞ்சம் சொல்லிக் குடுப்பியளா? நான் ஒழுங்கா எழுதியிருந்தா மேனேஜர் அந்தப் பேப்பர மதிச்சிருப்பாரு, கை போயிருக்காதுல்லா. அவளாவது தப்பில்லாம எழுதட்டும்.”

அந்தத் தாள் மேனேஜர் மேசைக்குப் போகவே இல்லை என்று அப்போதும் நான் சொல்லவில்லை.

“மவள அனுப்புல” என்றேன்.