தண்ணீர் வரப் பத்தொன்பது நிமிடம்

எங்கள் ஊர் அருவி தானாக விழுவதில்லை. ஓட்மண்ட் திறந்தால் விழும், மூடினால் நிற்கும். மலைமேல் அணை கட்டித் தண்ணீரை மின்நிலையக் குழாய்க்குத் திருப்பியபோதே எழுதி வைத்த ஏற்பாடு அது. பார்க்க வருகிறவர்களுக்காக ஜூன் ஒன்று முதல் ஆகஸ்ட் முடிய அருவி ஓட வேண்டும். மற்ற மாதங்களில் அங்கே கறுத்த பாறைதான், நடுவே கொஞ்சம் கசியும்.

ஓட்மண்டும் நானும் ஒரே வகுப்பு. ஒன்பதாவதோடு இருவருக்கும் பள்ளிக்கூடம் போதும் என்றாகிவிட்டது. நான் பஸ் ஓட்டப் போனேன், அவன் மதகுக்குப் போனான். இருபத்தெட்டு வருடமாக ஜூன் ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு மதகைத் திறக்கிறான். மே மாதம் முழுக்க அருவிப் பாறையில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பான். எங்கே மரம் சிக்கியிருக்கிறது, எங்கே கல் பெயர்ந்திருக்கிறது என்று பார்ப்பான். பெண் வீட்டார் கல்யாணத்தை மே மாதத்தில் வைக்கலாம் என்றபோது, பாறை பார்க்கிற வேலை இருக்கிறது என்று செப்டம்பருக்குத் தள்ளினவன். அந்தப் பெண் எப்படி ஒத்துக்கொண்டாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அருவி ஓரத்தில் வாஃபிள் கடை போட்டிருக்கும் ஹல்டிஸ் அவனைக் கண்டாலே, “வந்துடுச்சு பாரு, காலண்டர் கால் முளைச்சு வருது” என்பாள். அவன் சிரிக்க மாட்டான். காப்பியைக் குடித்துவிட்டுப் போவான்.

அந்த வருடம் ஒரு பயணக் கப்பல் மே முப்பத்தொன்றாம் தேதி வருவதாக இருந்தது. துறைமுகத்து ஓட்டல் முதலாளி ஆஸ்லாக்குக்குத் தூக்கம் போயிற்று.

“ரெண்டாயிரம் பேரு, ஓட்மண்ட். வெறும் பாறையைக் காட்டி அனுப்பச் சொல்றியா?”

“ஒண்ணாந்தேதி.”

“ஒரு நாள்தானேப்பா! தண்ணி என்ன தேதி பார்த்தா ஓடுது?”

“தண்ணி பார்க்காது. மனுஷன் பார்ப்பான்.”

ஆஸ்லாக் மேலே பேசி, மின்நிலைய அலுவலகத்திலிருந்து எழுத்தில் உத்தரவு வாங்கிவிட்டான். தாள் கைக்கு வந்ததும் ஓட்மண்ட் வாயை மூடிக்கொண்டான். மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அதை அவனே பின்னால் என்னிடம் சொன்னான், அதனால் எழுதுகிறேன்.

முப்பத்தொன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு வந்து பாறையை முழுக்க நடந்து பார்த்தான். இறங்கும் பாதைக்குக் குறுக்கே கயிறு கட்டினான். எட்டு மணிக்கு ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனான்.

பாதையின் தலையில் ஒரு பலகை உண்டு. ஜூன் ஒன்று முதல் தண்ணீர் திறக்கப்படும், அதன்பின் கீழே இறங்கக் கூடாது என்று மூன்று மொழியில் எழுதியிருக்கும். அதை யாரும் நினைக்கவில்லை. ஆஸ்லாக் நினைக்கவில்லை, அலுவலகம் நினைக்கவில்லை, ஓட்மண்ட் நினைக்கவில்லை. இருபது வருடமாக அதன் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்துகிற நானும் நினைக்கவில்லை.

கப்பல்காரர்கள் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி பத்து ஏழு. பஸ் கதவு திறப்பதற்குள் ஹல்டிஸ் மாவுக் கரண்டியோடு ஓடி வந்தாள்.

“ஐனார், கீழே ரெண்டு பேரு!”

எட்டிப் பார்த்தேன். மேல் அருவிக்கும் கீழ் அருவிக்கும் நடுவே இருக்கிற பாறைத் தட்டில் ஓர் ஆணும் பெண்ணும். அவள் காலணியைக் கழற்றிவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். அவன் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

பஸ்ஸுக்கு ஓடி ஹாரனை அழுத்திப் பிடித்தேன். பள்ளத்தாக்கே அதிர்ந்தது. அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தான். சந்தோஷமாகக் கையை ஆட்டினான். பிறகு எங்களையும் ஒரு படம் எடுத்தான்.

ஓட்மண்டுக்குப் போன் போட்டேன்.

“திறந்துட்டியா?”

“பத்துக்கே. ஏன்?”

“தட்டுல ரெண்டு பேரு உட்கார்ந்திருக்காங்கடா.”

போனில் மோட்டார் முனகுவது கேட்டது. மதகை இறக்குகிறான்.

“மூடுறேன். ஆனா எட்டு நிமிஷத் தண்ணி போயிடுச்சு. அருவி விழுற உதட்டுக்கு வரப் பத்தொன்பது நிமிஷம். இன்னும் பதினொண்ணு இருக்கு. உனக்கு இறங்க எவ்வளவு ஆகும்?”

“ஆறு. முட்டி ஒத்துழைச்சா.”

“ஏறுறதுக்கு எட்டு. அப்ப ஏற முடியாது. கேளு. தட்டுக்கு அந்தப் பக்கம் குதிரை முதுகு இருக்குல்ல, அதுக்குப் பின்னால கூட்டிட்டுப் போ.”

குதிரை முதுகு என்பது நடுவே புடைத்திருக்கும் பெரிய பாறை. கோடை முழுக்க அது இருக்குமிடத்தில் வெள்ளை நுரையைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை.

“டேய், அருவி அங்கதானே விழுது!”

“அதுக்கு முன்னாடி விழும். பின்னால விழாது. உதடு நம்ம பக்கம் சாஞ்சிருக்கு, முதல் தண்ணி பாதையிலதான் அடிக்கும். போ. போனை வைக்காதே.”

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றைத் தாண்டினேன். “நான் வர்றேன்” என்றாள் ஹல்டிஸ். “நீ அந்த நாற்பது பேரைப் பிடி, ஒருத்தன்கூட இறங்கக் கூடாது” என்று கத்திவிட்டு இறங்கினேன். பாசியில் இரண்டு முறை வழுக்கி உட்கார்ந்தேன். கைப்பிடிச் சங்கிலி பாதி தூரம்தான். மீதிக்குப் புதரைப் பிடித்தேன். பையிலிருந்து அவன் குரல் வந்துகொண்டே இருந்தது. அந்தக் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

“தண்ணி இப்ப செம்மறிப் பாலம்... இப்ப பழைய கொட்டகை வளைவு...”

மலைமேல் நின்றுகொண்டு அவனால் எதையும் பார்க்க முடியாது. கையில் கடிகாரம், தலையில் ஆறு, அவ்வளவுதான்.

தட்டில் கால் வைத்ததும் இருவரும் சிரித்துக்கொண்டு என்னை நோக்கி வந்தார்கள். வாயைத் திறந்ததும் தெரிந்தது, டேனிஷ்காரர்கள். எங்கள் மொழிக்குப் பக்கத்து மொழிதான், ஆனால் வாயில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சு. அவர்கள் சொல்வதில் பாதி எனக்குப் புரியும், நான் சொல்வதில் பாதி அவர்களுக்குப் புரியும். அன்றைக்கு அந்தப் பாதி போதவில்லை.

“தண்ணி வருது! அந்தப் பக்கம் போங்க!”

“நாளைக்குத்தானே வரும்? பலகையில போட்டிருக்கே” என்றான் கணவன்.

“இன்னைக்கு! இப்போ!”

அவன் முகம் மாறியது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதையை நோக்கிப் பாய்ந்தான். யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். நான் குறுக்கே நின்று அவன் மார்பில் கையை வைத்துத் தள்ளினேன்.

“விடுய்யா! வழி அங்கதானே இருக்கு!”

“வழியிலதான் தண்ணியும் வருது!”

“நீ யாரு? உனக்கெப்படித் தெரியும்?”

பையிலிருந்து ஓட்மண்டின் குரல் வந்தது. “பிர்ச் தோப்பு. மூணு நிமிஷம். அவங்ககிட்ட சொல்லு, ஆகஸ்ட் முடிஞ்சு மதகை மூடின அன்னைக்கு நான் போய்ப் பார்ப்பேன், குதிரை முதுகுக்குப் பின்னால குருவிக் கூடு நனையாம இருக்கும். வருஷா வருஷம்.”

நான் அதைச் சொன்னேன். கணவன் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். அந்தப் பெண் மட்டும் என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “யாரு அது?” என்றாள்.

“மதகுக்காரன்.”

அவள் திரும்பினாள். வெறுங்காலோடு குதிரை முதுகை நோக்கி ஓடினாள். அவள் போனதும் கணவனுக்கு வேறு வழியில்லை.

பாறையின் பின்னால் இடுப்பகலத்துக்கு ஒரு திட்டு. மூவரும் முதுகை ஒட்டி நின்றோம். உண்மையாகவே காலடியில் ஒரு கூடு இருந்தது, பாசியும் புல்லும் வைத்துக் கட்டியது. எனக்கு அது தைரியம் தரவில்லை. குருவிக்கு எவ்வளவு இடம் வேண்டும், எனக்கு எவ்வளவு வேண்டும்!

“உதடு” என்றான் ஓட்மண்ட்.

முதலில் காற்று வந்தது, குளிர்ந்த, மண் வாசனை அடிக்கிற காற்று. பிறகு பழுப்பு நிறத்தில் ஒரு நாக்கு பாதைப் பக்கம் இறங்கியது. நான் பிடித்து வந்த புதர்கள் வேரோடு போயின. எவனோ வெட்டிப் போட்ட மரத்துண்டு ஒன்று தட்டில் மோதித் துள்ளியது, சற்று முன்பு அவள் உட்கார்ந்திருந்த இடத்தில். அதன்பின் தண்ணீர் அகன்று எங்கள் தலைக்கு மேலே வந்தது. வந்து, எங்களைத் தாண்டி முன்னால் விழுந்தது. கண்ணெதிரே வெள்ளைச் சுவர். சாரலில் ஊறினோம், அவ்வளவுதான். அந்த ஆள் என் கையை இறுக்கியதில் நகம் பதிந்துவிட்டது.

மேலே என்ன நடந்தது என்று ஹல்டிஸ் பின்னால் சொன்னாள். தண்ணீர் உதட்டைத் தாண்டியதும் கப்பல்காரர்கள் கைதட்டினார்களாம். இவள் மாவுக் கரண்டியை அவர்கள் மேல் வீசினாளாம்.

எட்டு நிமிடத் தண்ணீர் ஓய, பாறை கால் வைக்கிற மாதிரி ஆக, முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் ஓட்மண்ட் ஜீப்பில் வந்து இறங்கியிருந்தான். நீண்ட கயிற்றோடு அவனே தட்டுக்கு வந்து எங்களை ஒவ்வொருவராகக் கூட்டிப் போனான். மூன்று தலைகளையும் இரண்டு முறை விரலால் எண்ணினான்.

கடை வாசலில் ஆஸ்லாக் நின்றிருந்தான். “கயித்தைத் தாண்டினது அவங்க தப்பு. அப்படியே எழுதிடலாம். நீ போய் மறுபடி திற, அடுத்த மூணு பஸ் வருது” என்றான்.

“பலகையில இருக்கிற தேதியை நம்பினாங்க. நம்ம தப்பு. அப்படித்தான் எழுதுவேன். வேணும்னா நீ போய்த் திற, சாவி ஜீப்புல இருக்கு.”

ஆஸ்லாக் ஜீப்பைப் பார்த்தான், மலையைப் பார்த்தான், போய்விட்டான்.

ஹல்டிஸ் இருவருக்கும் கம்பளி போர்த்தி, வாஃபிளில் பழுப்புச் சீஸை வைத்துக் கொடுத்தாள். கணவன் சாப்பிட்டான். அந்தப் பெண் தொடவில்லை. ஓட்மண்ட் அவள் முன்னால் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

“நான்தான் திறந்தேன்” என்றான்.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “பாறையைச் சொன்னதும் நீங்கதானே?”

“ஆமா.”

“அப்ப உங்களைத் திட்டுறதா, நன்றி சொல்றதா?”

“திட்டுறதை முதல்ல முடிச்சிடுங்க” என்றான் ஓட்மண்ட்.

அவள் முடித்தாள். எழுந்து நின்று, கம்பளி நழுவி விழ, பத்து நிமிடத்துக்குக் குறையாமல் திட்டினாள். பாதிதான் எங்களுக்குப் புரிந்தது. அவன் இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. அவளுக்கு மூச்சு வாங்கியபோது, அடுத்ததுக்காகக் காத்து நின்றான்.